வாசகர் கேள்விகள்: தளம் வாங்கும் முன் எழுத வேண்டிய தாள்

குமரி மாவட்டத்திலிருந்து இம்முறை வந்த கடிதங்களில் நான்கு, அலுவலகத் தொடர்புக்கும் கோப்புகளுக்குமான கூட்டுப்பணித் தளங்களைப் பற்றியவை. அவற்றை ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எங்கள் நிறுவனம் முந்திரிப் பருப்பு பதப்படுத்தி விற்கிறது. தலைமை அலுவலகம் நாகர்கோவிலில் உள்ளது. கருங்கல், குலசேகரம், திருவட்டாறு பகுதிகளில் மூன்று ஆலைகளும் தூத்துக்குடியில் ஒரு கிடங்கும் உண்டு. அலுவலகப் பணியாளர்கள் 60 பேர். அன்றாட வேலை முழுவதும் 14 வாட்ஸ்அப் குழுக்களில் நடக்கிறது. சென்ற மாதம் ஒரு லாட்டின், அதாவது ஒரு சரக்குத் தொகுதியின், ஈரப்பத அறிக்கையைத் தேடி இரண்டு நாள் அலைந்தோம். அதை வைத்திருந்தவரின் கைபேசி பழுதாகியிருந்தது. உடனே உரிமையாளர் 'டீம்ஸ் போல ஏதாவது ஒன்றை வாங்கிவிடலாம்' என்றார். இரண்டு விற்பனையாளர்கள் வந்து செயல்விளக்கமும் தந்துவிட்டார்கள். இப்போது நிர்வாகப் பொறுப்பிலுள்ள என்னிடம், நமக்கு என்ன தேவை என்று எழுதித் தரச் சொல்கிறார். எங்கிருந்து தொடங்குவது?
— நாகர்கோவில் வாசகர்

பதில்: தொடக்கம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. ஈரப்பத அறிக்கையைத் தேடி அலைந்த அந்த இரண்டு நாட்களை முதலில் எழுதுங்கள். யாரிடமெல்லாம் கேட்டீர்கள், எந்தெந்தக் குழுவில் எந்தச் சொல்லைப் போட்டுத் தேடினீர்கள், அறிக்கை கிடைக்காததால் எந்த முடிவு தள்ளிப்போனது, யார் யாரோடு சண்டையிட்டார் என்று ஒரு பக்கம் எழுதினாலே, விற்பனையாளர்கள் காட்டிய வண்ணத் திரைகளில் இல்லாத சில தேவைகள் தாமாக வெளிவரும். லாட் எண்ணைக் கொண்டு தேட முடிய வேண்டும். அறிக்கை எவருடைய கைபேசியிலும் மட்டும் தங்கிவிடக் கூடாது. ஒருவர் வேலையை விட்டுப் போனாலும் அவர் அனுப்பியவை நிறுவனத்திடம் இருக்க வேண்டும். இப்படியான பத்துச் சம்பவங்களைத் திரட்டுவதுதான் உங்கள் முதல் மாத வேலை.

விற்பனையாளர்கள் முந்திக்கொண்டு வந்தது எனக்கு உவப்பாக இல்லை. செயல்விளக்கத்தைப் பார்த்துவிட்டவர் அதன்பின் தம் தேவையைச் சொல்வதில்லை. திரையில் கண்டதையே தேவை என்று சொல்லத் தொடங்குகிறார். அவர்கள் விற்க வந்தவர்கள், அவர்கள் மேல் குறையில்லை. ஆனால் தேவைத் தாள் முடியும் வரை அடுத்த செயல்விளக்கம் வேண்டாம் என்று உரிமையாளரிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

பணியாளர்களைக் கேட்கும் முறையில்தான் பலரும் தவறுகிறார்கள். 'உங்களுக்கு என்னென்ன வசதிகள் தேவை?' என்று ஒரு படிவத்தை அச்சடித்துக் கொடுத்தால், 'வாட்ஸ்அப் போல இருந்தால் போதும்' என்று ஒரு பாதியும் 'எல்லா வசதியும் வேண்டும்' என்று மறு பாதியும் எழுதித் தருவார்கள். இரண்டாலும் உங்களுக்குப் பயனில்லை. கடைசியாக ஒரு தாளைத் தேடியது எப்போது, நேற்று மாலை நான்கு மணிக்குப் பிறகு யாருக்கெல்லாம் தொலைபேசியில் பேசினீர்கள், ஒரே செய்தியை இரண்டு குழுக்களில் போட வேண்டியிருந்தது ஏன் என்று நடந்ததைக் கேட்டால், மிகவும் கூச்சப்படுகிறவர்கள்கூடத் துல்லியமாகச் சொல்வார்கள்.

கேட்க வேண்டியவர்கள் யார் என்பதில் நானே ஒருமுறை சறுக்கியிருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனத்துக்காக இதே வேலையைச் செய்தபோது, துறைத் தலைவர்களிடம் மட்டும் பேசிவிட்டு, பார்ப்பதற்கு அழகான ஓர் அறிக்கையைக் கொடுத்தேன். தளம் வந்த முதல் வாரத்தில்தான், வாயிற்காவலர் லாரிகளின் வருகையை நோட்டில் எழுதி, அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பும் பழக்கத்தை நம்பியே கிடங்கும் கணக்குப் பிரிவும் இயங்கிவந்தன என்பது தெரிந்தது. அவருக்கு மின்னஞ்சல் முகவரி கிடையாது, ஆகவே தளத்தில் கணக்கும் கிடையாது. ஒன்பது தலைவர்களில் ஒருவர்கூட அவரைக் குறிப்பிடவில்லை. ஒவ்வொருவருக்கும் அந்தப் படம் எங்கிருந்தோ வந்து சேர்ந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். எனவே உங்கள் எடை எழுத்தர், வாயிற்காவலர், லாரி ஓட்டுநர், ஆலை மேற்பார்வையாளர் ஆகியோரிடம் துறைத் தலைவர்களுக்கு முன்பாகவே பேசுங்கள். வெளியாட்களையும் விடாதீர்கள். தூத்துக்குடியில் உங்கள் சரக்கை விடுவிக்கும் சுங்க முகவரும் உங்கள் ஆடிட்டரும் உங்கள் பணியாளர்கள் அல்லர். ஆனாலும் உங்கள் கோப்புகள் அவர்களிடம் போகத்தான் வேண்டும். அவர்களை விருந்தினராகச் சேர்க்க முடியுமா, அதற்குத் தனிக் கட்டணம் உண்டா என்பது விலையையே மாற்றிவிடும் கேள்வி. மைக்ரோசாஃப்ட் போன்ற நிறுவனங்கள் களப்பணியாளர்களுக்கெனக் குறைந்த விலையில் தனி உரிமங்களை விற்கின்றன. ஆகவே யார் மேசையில் அமர்ந்து வேலை செய்கிறார், யார் கைபேசியை மட்டும் வைத்து வேலை செய்கிறார் என்ற எண்ணிக்கையையும் தனித்தனியே எடுத்துவிடுங்கள்.

பேச்சு முடிந்தபின் ஒரே ஒரு கன்டெய்னரைப் பின்தொடருங்கள். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த கொட்டை தூத்துக்குடியில் இறங்கியது முதல், கட்டிங் டெஸ்ட் (கொட்டையை வெட்டித் தரம் பார்த்தல்), உலர்த்தல், அவித்தல், தல்லுதல் (ஓடுடைத்தல்), பீலிங் (தோலுரித்தல்), கிரேடிங் (தரம் பிரித்தல்) எல்லாம் கடந்து டின்னில் அடைபடும் வரை, அதைப் பற்றி எழுதப்பட்ட ஒவ்வொரு தாளும், எடுக்கப்பட்ட ஒவ்வொரு படமும், பேசப்பட்ட ஒவ்வொரு தொலைபேசி அழைப்பும் யாரிடமிருந்து யாருக்குப் போயிற்று என்று ஒரு நீண்ட தாளில் வரைந்து பாருங்கள். அலுவலகத்தில் உட்கார்ந்து வரையக் கூடாது. ஆலையில் ஒரு நாள் முழுவதும் நின்றால்தான், எடைச்சீட்டின் படம் ஐந்து கைபேசிகள் வழியாகச் சுற்றி வருவதும், மேற்பார்வையாளர்கள் தட்டச்சு செய்வதே இல்லை, குரல்பதிவாகவே அனுப்புகிறார்கள் என்பதும் கண்ணில் படும். குரல்பதிவை ஒழிக்க வேண்டும் என்று எழுதிவிடாதீர்கள். கையில் முந்திரி ஓட்டு எண்ணெய் பட்டிருக்கும்போது யாரும் திரையைத் தொடமாட்டார்கள். குரல்பதிவோடு லாட் எண்ணை இணைக்க முடிய வேண்டும் என்பதே அங்குள்ள தேவை.

இந்தத் தாளை வரையும்போது இன்னொன்றையும் காண்பீர்கள். என் கணிப்பில் உங்கள் சிக்கலின் வேரே அதுதான். ஆலையில் 'அண்டி' என்பார்கள், கணக்கில் 'முந்திரிக்கொட்டை' என்று எழுதுவார்கள், இறக்குமதி மின்னஞ்சல்களில் அதுவே, 'ரா கேஷ்யூ நட்' என்பதன் சுருக்கமாக, 'ஆர்சிஎன்' ஆகிவிடும். ஒருவர் லாட் எண்ணைச் சொல்வார், இன்னொருவர் கன்டெய்னர் எண்ணைச் சொல்வார், கிடங்கில் இருப்பவர் கப்பலின் பெயரைச் சொல்வார். இப்படி ஒரே பொருளுக்கு மூன்று பெயர் இருக்கும் வரை, எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய தேடல் வசதியாலும் உங்கள் ஈரப்பத அறிக்கையைக் கண்டுபிடிக்க முடியாது. பருப்பின் தரத்துக்கு இந்தக் குழப்பம் இல்லை என்பதைக் கவனியுங்கள். டபிள்யூ 320 என்றால் ஒரு பவுண்டுக்கு 300 முதல் 320 வரை முழுப் பருப்பு என்று கிரேடிங் மேசையில் இருப்பவருக்கும் வெளிநாட்டு வாங்குபவருக்கும் ஒரே பொருள். அந்த ஒழுங்கை உங்கள் கோப்புப் பெயர்களுக்கும் கொண்டுவர வேண்டும். எந்த எண் முதன்மை எண், அது கோப்பின் பெயரில் எந்த இடத்தில் வரும் என்பதை அனைவரும் கூடி முடிவு செய்து தாளில் எழுதுங்கள். இதற்கு மென்பொருள் எதுவும் தேவையில்லை, நாளையே தொடங்கலாம்.

தேடலைச் சொல்லும்போது எழுத்துருவையும் சொல்லியாக வேண்டும். எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடைத் தமிழ்நாடு அரசு 2010-லேயே ஏற்றுக்கொண்டது. இருந்தும் பல அலுவலகங்களின் பழைய கோப்புகள் இன்னும் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில்தான் கிடக்கின்றன. நம் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும் அவை, கணினிக்குப் பொருளற்ற ஆங்கில எழுத்துகளின் வரிசை மட்டுமே. தளத்தில் ஏற்றினாலும் தமிழில் தேடினால் கிடைக்கா. விளவங்கோடு, கல்குளம் பக்கத்து நிலத்தின் திருவிதாங்கூர் காலத்து ஆவணங்கள் மலையாளத்தில் இருக்கும். உங்கள் ஆலை நிலத்துக்கும் அப்படி ஏதேனும் இருந்தால் அதையும் கணக்கில் சேருங்கள். விற்பனையாளர் அடுத்த முறை வரும்போது அவருடைய மாதிரிக் கோப்புகளை மூடச் சொல்லிவிட்டு, உங்கள் அலமாரியிலிருந்து பத்துக் கோப்புகளைக் கொடுத்துத் தேடிக் காட்டச் சொல்லுங்கள்.

எவ்வளவு காலம் வைத்திருப்பது என்பதை விற்பனையாளர் முடிவு செய்யக் கூடாது, சட்டம் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டது. ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குகளையும் ஆவணங்களையும், அந்த ஆண்டின் அறிக்கையைத் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். உங்களுடையது பதிவு பெற்ற கம்பெனியானால், 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் கணக்குப் புத்தகங்களுக்கு எட்டு நிதியாண்டுகள் என்கிறது. எடை குறைந்தது பற்றி இரண்டு பேர் உரையாடலில் பேசித் தீர்த்துக்கொண்டால், அந்த உரையாடலும் கணக்குக்கான சான்றாகிவிடும் என்பதை ஆடிட்டரிடம் பேசி உறுதிசெய்துகொள்ளுங்கள். இதற்கு நேரெதிரான சிக்கல் ஒன்றும் உண்டு. ஆலைப் பெண்களின் ஆதார் நகல்களும் வங்கிப் புத்தகப் படங்களும் இப்போது உங்கள் 14 குழுக்களில் சிதறிக் கிடக்கும் என்று நினைக்கிறேன். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் நோக்கில், சேகரித்த காரணம் முடிந்தபின் இத்தகைய தரவை வைத்திருக்கக் கூடாது. ஆகவே எதை வைத்திருப்பது என்பதற்கு ஒரு பத்தியும், எதை யார் எப்போது அழிப்பது என்பதற்கு இன்னொரு பத்தியும் எழுத வேண்டும்.

மின்சாரமும் இணையமும் இல்லாத நேரத்தைப் பற்றி விற்பனையாளர்கள் பேசமாட்டார்கள். 2017 நவம்பர் 30-ஆம் நாள் ஒக்கிப் புயல் அடித்தபின் நம் மாவட்டத்தில் பல ஊர்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அந்த அளவுக்குப் போகாவிட்டாலும், மலையடிவாரத்து ஆலையில் மழைநாளில் இணைப்பு விட்டுவிட்டு வரும். இணைப்பு இல்லாதபோது எடுத்த படம் கைபேசியிலேயே காத்திருந்து, இணைப்பு வந்ததும் தானாக ஏற வேண்டுமா? எத்தனை மணி நேரம் தளம் இல்லாமல் ஆலை ஓடும்? எத்தனை மணி நேரத்துப் பதிவுகள் தொலைந்தால் மீண்டும் கையால் எழுதிக்கொள்ள முடியும்? கடைசி இரண்டு கேள்விகளுக்கும் எண்ணால் விடை எழுதுங்கள். பேக்கப்புக்கு நீங்கள் கொடுக்கப்போகும் பணம் அந்த எண்களைப் பொறுத்தது.

எழுதும் முறையைப் பொறுத்தவரை, ஒவ்வொரு வரியையும் சோதித்துப் பார்க்க முடிய வேண்டும். தேவைகளை எழுதுவதற்கென்றே, ஐஇஇஇ என்ற பொறியாளர் அமைப்பு 1998-இல் திருத்தி வெளியிட்ட 830 என்ற நெறிமுறையும், அதன் இடத்தில் பின்னர் வந்த 29148 என்ற பன்னாட்டு நெறிமுறையும் உண்டு. இரண்டுமே இதை வலியுறுத்துகின்றன. 'பயன்படுத்த எளிதாக இருக்க வேண்டும்' என்ற வரியை யாராலும் சோதிக்க முடியாது. 'கருங்கல் ஆலையின் எடை எழுத்தர் எடைச்சீட்டைப் படமெடுத்து லாட் எண்ணோடு ஏற்ற வேண்டும். அடுத்த பத்து நிமிடங்களுக்குள், நாகர்கோவில் கணக்குப் பிரிவினர் அந்த எண்ணைக் கொண்டு தேடி அதை எடுக்க முடிய வேண்டும்' என்ற வரியைச் சோதிக்கலாம், தவறினால் விற்பனையாளரிடம் கேட்கவும் செய்யலாம்.

வரிகள் நூறைத் தாண்டும். அவற்றைக் கட்டாயம் வேண்டியவை, வேண்டியவை, இருந்தால் நல்லவை, இம்முறை வேண்டாதவை என்று நான்காகப் பிரியுங்கள். டாய் கிளெக் என்பவர் 1994-இல் வகுத்த முறை இது. நான்காம் வகையை வெறுமையாக விடும் நிறுவனங்களில் செலவு கட்டுக்கடங்காமல் போகிறது. வகை பிரிக்கும்போது சண்டை வரும். எல்லா ஆலைகளின் உற்பத்தி எண்ணும் எல்லாருக்கும் தெரிய வேண்டும் என்பார் ஒருவர், ஓர் ஆலையின் எண் மற்றோர் ஆலைக்குத் தெரியக் கூடாது என்பார் இன்னொருவர். நீங்கள் நடுவில் நின்று மௌனமாக ஒன்றைத் தேர்ந்து எழுதிவிடாதீர்கள். இரண்டையும் அப்படியே எழுதி, உரிமையாளரை முடிவெடுக்கச் செய்து, அந்தப் பக்கத்தில் அவருடைய கையெழுத்தை வாங்குங்கள். பிறகு ஓர் ஆலையில், எடைச்சீட்டு என்ற ஒரே வேலைக்கு மட்டும் ஆறு வாரம் சோதித்துப் பாருங்கள். தீபாவளி ஆர்டர்கள் குவியும் மாதங்களில் மட்டும் தொடங்க வேண்டாம்.

கேள்வி: நான் ஒரு மருத்துவமனையின் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஒரு தளத்தை வாங்கி எட்டு மாதமாகிறது. செவிலியர்கள் எல்லாரும் மீண்டும் வாட்ஸ்அப்புக்கே போய்விட்டார்கள். நிர்வாகமோ, பயன்படுத்தாதவர்களிடம் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை அனுப்புகிறது. இனித் தேவைகளைச் சேகரித்துப் பயன் உண்டா?
— தக்கலை வாசகி

பதில்: உண்டு. ஒருவகையில் உங்கள் வேலை முன்னவருடையதை விட எளிது, ஏனெனில் உங்கள் பணியாளர்கள் எட்டு மாதமாகத் தங்கள் தேவையைச் செயலால் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். தளத்தை விட்டு அவர்கள் விலகிய ஒவ்வொரு இடமும் எழுதப்படாத ஒரு தேவைதான். ஒரு வாரத்துக்கு, தளத்துக்கு வெளியே எந்தச் செய்தி போயிற்று, அதைத் தளத்தில் ஏன் அனுப்பவில்லை என்று மட்டும் குறித்து வாருங்கள். குறிப்பாணையைப் பற்றி யாரும் பேச வேண்டாம். பெயர்களையும் எழுத வேண்டாம்.

நான் பார்த்த ஒரு மருத்துவமனையில் காரணம் மிகச் சிறியதாக இருந்தது. தளத்துக்குள் நுழைய ஒவ்வொரு முறையும் சொந்தக் கைபேசிக்கு ஓர் எண் வரும். தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் கைபேசி கொண்டுபோகத் தடை. ஒரு கணினியை மூன்று ஷிப்டுச் செவிலியர்கள் மாறி மாறிப் பயன்படுத்துகையில், ஒவ்வொருவரும் வெளியே போய்க் கைபேசியைப் பார்த்துவிட்டு வரும் நிலை. அதற்குள் நோயாளியின் பரிசோதனை முடிவு வேறு வழியில் போய்விடும். பாதுகாப்பு விதி, வார்டு விதி இரண்டுமே சரியானவை. இரண்டும் சந்திக்கும் இடத்தில் நின்று யாரும் பார்க்கவில்லை. கையில் வைத்திருக்கும் சிறு சாவியாலோ அடையாள அட்டையாலோ நுழையும் முறைகள் உண்டு. ஆனால் 'பகிர்ந்து பயன்படுத்தும் கணினியில், கைபேசி இல்லாமல், அரை நிமிடத்துக்குள் நுழைய வேண்டும்' என்ற வரி தேவைத் தாளில் இருந்தால்தான் அவற்றை யாராவது தேடுவார்கள்.

வாட்ஸ்அப்பில் நோயாளிகளின் எக்ஸ்ரேயும் பெயரும் சேர்ந்து போவதை மட்டும் காத்திருக்காமல் நிறுத்த வழி பாருங்கள். உங்கள் குறிப்புகளை நிர்வாகத்திடம் கொடுக்கும்போது அதையே முதல் பக்கத்தில் வையுங்கள். குறிப்பாணை அனுப்புகிறவர்களும் அதைப் படிப்பார்கள்.

கேள்வி: குளச்சலில் மீன் கொள்முதல் செய்து அனுப்பும் தொழில். பத்துப் பேர்தான். இலவசத் தளங்களே போதாதா? கடலில் இருக்கும் எங்கள் விசைப்படகுகளையும் அதில் சேர்க்க முடியுமா?
— குளச்சல் வாசகர்

பதில்: போதுமா என்பதைக் கணக்குப் போட்டுத்தான் சொல்ல வேண்டும். நீங்கள் நாளொன்றுக்கு 30 ரசீதுப் படங்கள் எடுப்பதாகக் கொள்வோம். ஒரு படம் 3 எம்பி என்றால் நாளுக்கு 90 எம்பி. ஆண்டில் 300 நாள் தொழில் நடந்தால் ஏறத்தாழ 27 ஜிபி. கூகுள் இலவசக் கணக்கில் மின்னஞ்சல் உட்பட மொத்தமே 15 ஜிபிதான். ஸ்லாக் என்ற உரையாடல் தளத்தின் இலவசத் திட்டத்தில் கடைசி 90 நாள் செய்திகளை மட்டுமே பார்க்க முடியும். ஓராண்டுக்கு மேற்பட்டவை அழிக்கப்பட்டுவிடும். முதல் பதிலில் ஜிஎஸ்டி ஆவணங்களுக்குச் சொன்ன 72 மாதங்களை இதனோடு பொருத்திப் பாருங்கள். பேச்சுக்கு இலவசத் தளத்தை வைத்துக்கொண்டு, ரசீதுகளுக்கு மட்டும் கட்டணச் சேமிப்பிடம் வாங்குவது பத்துப் பேருக்குப் பொருத்தமாக இருக்கும். படத்தின் அளவைக் குறைத்து எடுத்தாலே பாதிச் செலவு மிச்சமாகும்.

படகுகளை இதில் சேர்க்காதீர்கள். கரையை விட்டுச் சற்றுத் தொலைவு போனதும் கைபேசிச் சமிக்ஞை நின்றுவிடும் என்பதை நான் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியவரல்ல நீங்கள். கடலில் இருப்பவர்களோடு பேசுவதற்கு விஎச்எஃப் வானொலியும் செயற்கைக்கோள் வழிச் செய்திக் கருவிகளும் வேறு ஏற்பாடுகள்; உயிர்ப் பாதுகாப்பு சார்ந்த அவற்றை அலுவலக மென்பொருளின் தேவைத் தாளில் கலந்தால் இரண்டுமே கெடும். 'படகுத் தொடர்பு இத்தளத்தின் எல்லைக்கு வெளியே' என்று முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். படகு கரை சேர்ந்தபின் ஏலத்தில் எழுதும் சீட்டிலிருந்து உங்கள் தாள் தொடங்கட்டும்.

கேள்வி: கோப்புகளைச் சேமித்துப் பகிர உதவும் நெக்ஸ்ட்கிளவுட் போன்ற திறந்த மூல மென்பொருளை எங்கள் சொந்த சர்வரிலேயே நிறுவினால் உரிமக் கட்டணம் இல்லையே, அதையே எல்லாருக்கும் பரிந்துரைக்கலாமே?
— அருமனை வாசகர்

பதில்: நல்ல மென்பொருள்தான், 2016 முதல் வளர்ந்து வருகிறது, தரவும் உங்கள் கட்டடத்துக்குள்ளேயே இருக்கும். ஆனால் தேவைத் தாளில் இன்னும் மூன்று வரிகள் கூடும்: பாதுகாப்புத் திருத்தங்களை வந்த வாரத்திலேயே நிறுவுவது யார், பேக்கப்பிலிருந்து கோப்புகள் உண்மையில் மீள்கின்றனவா என்று மாதம் ஒருமுறை சோதிப்பது யார், ஞாயிற்றுக்கிழமை இரவு சர்வர் நின்றால் தொலைபேசியை எடுப்பது யார். மூன்றுக்கும் ஒரே ஆளின் பெயரை எழுதுவீர்களானால், அவர் விடுப்பில் போகும் நாளுக்கு இரண்டாவது பெயரையும் எழுதிவிட்டு நிறுவுங்கள்.